சின்ன ட்ரஸ்டுகள் நிதி தேடுவது எப்படி: ஒரு பக்கக் குறிப்பு முதல் பயன்பாட்டுச் சான்றிதழ் வரை

"ஒரு ப்ரொபோசல் மாதிரி இருந்தா அனுப்புங்க, பேரை மட்டும் மாத்திக்கிறோம்." நிதி தேடக் கிளம்பும் அமைப்புகள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். இந்த வழிகாட்டியில் ப்ரொபோசல், அதாவது பணம் கேட்டு எழுதும் திட்ட விண்ணப்பம், ஏழாவது படியாக வருகிறது. அதற்கு முந்தைய ஆறையும் தாண்டிவிட்டு எழுதப்பட்ட ப்ரொபோசல்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல வேலை செய்கிற அமைப்புகள்தான், ஆனால் அனுப்பிய இடம் தவறாக இருக்கும், அல்லது இடம் சரியாக இருந்து 80ஜி என்ற வரிச்சலுகைப் பதிவு காலாவதியாகியிருக்கும். இதில் வரிசைதான் முக்கியம், அதனால் வரிசைப்படியே போகிறேன்.

இது யாருக்கு என்றால், தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சில லட்சம் ரூபாயில் வேலை பார்க்கிற ட்ரஸ்ட், சங்கம், ஊர்க் குழு ஆகியோருக்கு. கோடிகளில் நடக்கும் பெரிய அமைப்புகளுக்கு இதற்கென்றே ஆள் இருப்பார்கள்.

1. முதலில் ஒரே ஒரு பக்கம்

ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: யாருக்காக வேலை செய்கிறீர்கள், எந்த ஊரில், எத்தனை பேர், என்ன செய்கிறீர்கள், மாதம் என்ன செலவு. இதை எழுத முடியவில்லை என்றால் நிதி தேடும் வேலையை இன்னும் தொடங்க வேண்டாம். பின்னால் வரும் எல்லாப் படிவத்திலும் இதே ஐந்து கேள்விகள்தான் வெவ்வேறு வார்த்தையில் வரும்.

மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 42 பிள்ளைகள். இரண்டு ஆசிரியர்களுக்குத் தலா 6,000 என 12,000 ரூபாய். வாடகை 3,500. சுண்டலோ பயறோ ஒரு பிள்ளைக்கு 8 ரூபாய் வீதம் 24 நாளைக்கு 8,064. நோட்டு, சாக்பீஸ் 1,500. கரன்ட் 600. மொத்தம் மாதம் 25,664 ரூபாய், ஒரு பிள்ளைக்கு 611 ரூபாய்.

இந்த 611 என்ற எண் கையில் இருக்கிறவருக்கும் "எவ்வளவு கொடுத்தாலும் சந்தோஷம்" என்கிறவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பணம் கொடுப்பவர் தன் மேலதிகாரியிடம் போய்ச் சொல்ல ஒரு எண் வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் அவர் கேட்கக்கூட மாட்டார், அடுத்த கோப்பை எடுத்துவிடுவார்.

2. காகிதங்கள், அவற்றின் வரிசை

இந்தப் படிதான் நீளமானது. மாதக்கணக்கில் இழுக்கும், அதனால்தான் முன்னால் வைத்திருக்கிறேன்.

முதலில் பதிவு. சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிவான ட்ரஸ்ட் டீட் (அறக்கட்டளைப் பத்திரம்), அல்லது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு, அல்லது 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுக் கம்பெனி, இவற்றில் ஏதோ ஒன்று. டீட் எழுதும்போது மூன்று இடத்தைக் கவனியுங்கள். நீங்கள் உண்மையில் செய்யும் வேலை நோக்கங்களில் இருக்க வேண்டும். கல்வி என்று மட்டும் எழுதிவிட்டு ஏரி தூர்வாரப் பணம் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். ட்ரஸ்டைக் கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போகும் என்ற வரி வேண்டும். இந்த ட்ரஸ்ட் திரும்பப் பெற முடியாதது என்ற வரியும் வேண்டும். கடைசி இரண்டும் இல்லாத டீடை வைத்துக்கொண்டு வருமான வரித் துறைக்குப் போனால் அங்கே கேள்வி வரும்.

அடுத்து ட்ரஸ்ட் பெயரில் பான் கார்டு, பிறகு அதே பெயரில் வங்கிக் கணக்கு. அதே பெயர் என்றால் எழுத்துக்கு எழுத்து அதே பெயர். எங்கள் அமைப்பில் டீடில் ஒரு எழுத்து, பானில் வேறு எழுத்து என்று இருந்ததைச் சரிசெய்ய நாலு மாதம் போயிற்று. கையில் வந்திருந்த ஒரு லட்ச ரூபாய் அனுமதி அந்த நாலு மாதத்துக்குள் காலாவதியாகிவிட்டது. பான் வந்த அன்றே டீடையும் அதையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

பிறகு வருமான வரித் துறையின் 12ஏபி, 80ஜி பதிவுகள். 12ஏபி இருந்தால் ட்ரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு. 80ஜி இருந்தால் கொடுப்பவருக்கு, பழைய வரிமுறையில் இருப்பவராக இருந்தால், வரிச்சலுகை. புது அமைப்புக்கு முதலில் தற்காலிகப் பதிவு கிடைக்கும், மூன்று ஆண்டுக்கு. இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். மூன்று ஆண்டு இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். விதி வேறு: வேலையைத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதத்துக்கு முன், இதில் எது முதலில் வருகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தேதியை அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஒரு குறிப்பு. வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. அதிலிருந்து பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பேச்சில் எல்லோரும் 12ஏ (12ஏபியைத்தான் அப்படிச் சொல்வார்கள்), 80ஜி என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். படிவம் நிரப்பும்போது புது எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தர்ப்பண். நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் பதிந்தால் ஒரு தனி எண் வரும். மத்திய அரசு நிதி எது கேட்டாலும் அந்த எண் வேண்டும், தனியார் அறக்கட்டளைகள் பலவும் இப்போது கேட்கின்றன. நிர்வாகிகளின் பான், ஆதார் விவரம் தேவைப்படும், முன்பே வாங்கி வையுங்கள்.

கடைசியாக சிஎஸ்ஆர்-1 படிவம். 2021 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணத்தை, அதாவது லாபத்தில் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணத்தை, வாங்கிச் செலவு செய்யும் அமைப்பு எதுவானாலும் இதில் பதிந்திருக்க வேண்டும். 12ஏ, 80ஜி இரண்டும் இல்லாமல் இதை நிரப்ப முடியாது, அதனால்தான் இது கடைசியில் வருகிறது. நிர்வாகியின் டிஜிட்டல் கையெழுத்தும், ஒரு ஆடிட்டரின் அல்லது கம்பெனி செக்ரட்டரியின் சான்றும் வேண்டும். அரசுக்கு இதற்குக் கட்டணம் கிடையாது. ஆடிட்டருக்கு அவர் உழைப்புக்கான தொகையைக் கொடுங்கள், "கவர்மென்ட் ஃபீஸ்" என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் ரசீது கேளுங்கள்.

இன்னும் பதிவு செய்யாத ஊர்க் குழுவாக இருந்தால், ஏற்கனவே பதிவான நம்பிக்கையான அமைப்பு ஒன்றின் வழியாக முதல் ஓரிரு ஆண்டு வேலை செய்வது நல்லது. அவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், தனிக் கணக்கேடு வையுங்கள். நிதிக்காக மட்டும் அவசரமாக ஒரு ட்ரஸ்ட் தொடங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் என்ற பொறுப்பு அன்றிலிருந்து தொடங்கிவிடும்.

3. மூன்று ஆண்டுக் கணக்கு

சிஎஸ்ஆர் விதிப்படி, பணம் வாங்கும் அமைப்புக்கு அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். அதை நிரூபிப்பது ஆடிட் செய்த மூன்று ஆண்டுக் கணக்குதான்.

அப்போ முதல் மூன்று ஆண்டு என்ன செய்வது? உள்ளூரில் வாங்குங்கள். ஊரில் பிறந்து வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், பழைய மாணவர்கள், கடைக்காரர்கள், ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள். 500 ரூபாய் வந்தாலும் எண் போட்ட ரசீது கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு 80ஜி சலுகை கிடையாது, அதனால் வங்கி வழியாக வாங்கப் பழகுங்கள். ஆண்டு முடிந்ததும் மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் ஏற்ற வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். அதைவிடப் பெரிய இழப்பு, கொடுத்தவருக்கு வரிச்சலுகை கேட்கத் தேவையான 10பிஇ சான்று கிடைக்காது. அடுத்த வருடம் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

சின்னத் தொகையாக ஐம்பது பேர் கொடுத்த கணக்கு ஒரு பெரிய தொகையைவிட வலுவானது. இவர்களை ஊர் நம்புகிறது என்பதற்கு அது சாட்சி. இதைக் கூர்ந்து பார்க்கிற சிஎஸ்ஆர் மேலாளர்கள் இருக்கிறார்கள்.

4. வெளிநாட்டுப் பணமா? இங்கே நில்லுங்கள்

சிங்கப்பூரிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஒரு சொந்தக்காரர் "அண்ணா, நான் ரெண்டு லட்சம் அனுப்புறேன்" என்பார். மனசு குளிரும். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரே கேள்வி: அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அவர் வெளிநாட்டில் வேலை செய்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அந்நிய நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், இந்தியாவில் உள்ள கணக்கிலிருந்து ரூபாயாகவே கொடுத்தாலும், அது அந்நிய நன்கொடை. எஃப்சிஆர்ஏ (அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்கினால் 2010-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி குற்றம். சொந்தக்காரர் என்ற விலக்கு தனிமனிதருக்குத்தான், ட்ரஸ்டுக்குக் கிடையாது.

எஃப்சிஆர்ஏ பதிவுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுப் பழமையும், கடைசி மூன்று ஆண்டில் சொந்த நோக்கத்துக்காக 15 லட்சம் செலவு செய்த கணக்கும் வேண்டும். பணம் முதலில் வந்து இறங்க வேண்டியது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில். "பதிவு இருக்கிற பெரிய என்ஜிஓ வாங்கி நமக்குக் கொடுத்துவிடட்டுமே" என்று கேட்பீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிக் கைமாற்ற முடியாது. தகுதி வரும்வரை இந்த வழியை மூடி வைத்துவிடுங்கள், ஆசையில் ஒரு தடவை வாங்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் பதில் எழுத வேண்டாம்.

5. யாரிடம் கேட்பது என்று படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

தேடுபொறியில் வரும் "நிதி தரும் 100 நிறுவனங்கள்" பட்டியலை எடுத்துக்கொண்டு நூறு பேருக்கும் மின்னஞ்சல் அனுப்புவதுதான் இந்தப் படியில் எல்லோரும் செய்கிற தவறு. போன வருடம் பணம் எங்கே போனது என்று பார்த்தால் இந்த வருடம் எங்கே போகும் என்று ஓரளவு தெரியும், தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

சிஎஸ்ஆர் யாருக்குக் கட்டாயம்? முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிகளுக்கு. மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்ய வேண்டும். இந்த ஐந்து கோடி லாபம் என்பதைக் கவனியுங்கள். பெரிய பெயர்கள் மட்டும் இல்லை, உங்கள் மாவட்டத்தில் இருக்கும் நூற்பாலையோ உதிரிபாகத் தொழிற்சாலையோகூட இதற்குள் வரலாம். சென்னையில் உட்கார்ந்திருக்கும் பெரிய கம்பெனிக்கு உங்களைப்போல ஆயிரம் பேர் எழுதுவார்கள். உள்ளூர் ஆலைக்கு எழுதுகிறவர்கள் குறைவு. தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

எங்கே படிப்பது? கார்ப்பரேட் விவகாரங்கள் அமைச்சகத்தின் தேசிய சிஎஸ்ஆர் தளத்தில் எந்தக் கம்பெனி எந்த மாநிலத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு செலவு செய்தது என்று இருக்கும். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் சிஎஸ்ஆர் கொள்கை, குழு உறுப்பினர் பெயர், இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டங்கள் மூன்றும் இருக்க வேண்டும், அது விதி. பழைய ஆண்டறிக்கைகளையும் விடாதீர்கள். 2020-21, 2021-22 அறிக்கைகளில், எந்த மாவட்டத்தில் எந்த அமைப்பின் வழியாக எத்தனை ரூபாய் என்று அட்டவணையாகவே போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு படிவம் சுருங்கிவிட்டது, ஆனாலும் சில கம்பெனிகள் இன்னும் விவரமாகவே எழுதுகின்றன.

சின்ன ஊர்களில் தலைமையகம் வைத்திருக்கும் வங்கிகளும் கம்பெனிகள்தான்: கரூர் வைஸ்யா வங்கி கரூரில், சிட்டி யூனியன் வங்கி கும்பகோணத்தில், தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி தூத்துக்குடியில். பொதுத்துறையில் நெய்வேலியில் என்எல்சி, மணலியில் சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. இவற்றின் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் முதலில் அங்கே படியுங்கள். விவசாயக் குழு, சுயஉதவிக் குழு சார்ந்த வேலை என்றால் நபார்டு எனும் வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியின் மாவட்ட வளர்ச்சி மேலாளரைப் போய்ப் பாருங்கள். சுற்றுச்சுவர், வகுப்பறை, குளம் போன்ற பொதுச் சொத்து வேலை என்றால் அரசின் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. அதில் மக்கள் பங்காகப் பொதுவாக மூன்றில் ஒரு பங்காவது திரட்ட வேண்டும், அதனால் ஊரில் எவ்வளவு சேரும் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, சில கம்பெனி அறக்கட்டளைகள் வெளியே பணம் தருவதைவிடத் தாங்களே கிராமத்தில் இறங்கி வேலை செய்யும். டிவிஎஸ் மோட்டாரின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை அப்படிப்பட்டது. அங்கே பணம் கேட்டு எழுதுவதைவிட, உங்கள் ஊரில் அவர்கள் வேலை இருந்தால் சேர்ந்து செய்யலாமா என்று பேசுவது பொருத்தம்.

கோயில் திருப்பணி, ஒரு சாதிக்கான மண்டபம், கட்சி சார்ந்த நிகழ்ச்சி, இவற்றுக்கு சிஎஸ்ஆரில் கேட்காதீர்கள். கம்பெனிச் சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் உள்ள வேலைகளுக்கு மட்டும்தான் தர முடியும். அந்த அட்டவணை ஒரு பக்கத்துக்குள் அடங்கும், அச்செடுத்து வையுங்கள். உங்கள் வேலை அதில் எந்த வரியில் வருகிறது என்று பேனாவால் கோடு போடுங்கள். ப்ரொபோசலில் அந்த வரியை எழுத வேண்டியிருக்கும்.

இப்படிப் படித்தால் 30 பெயர் சேரும். பெயர், மாவட்டம், போன வருடம் கொடுத்த மிகக் குறைந்த தொகை, தொடர்பு நபர் என்று நான்கு கட்டம் போடுங்கள். மூன்றாவது கட்டம்தான் சல்லடை. ஒரு கம்பெனி 25 லட்சத்துக்குக் கீழே கொடுத்ததே இல்லை என்றால் உங்கள் இரண்டரை லட்சத்தை அவர்கள் எடுக்க மாட்டார்கள். தொகை எதுவானாலும் அவர்களுக்குக் காகித வேலை ஒன்றுதான். 30-இல் ஏழெட்டு மிஞ்சினால் போதும்.

6. எப்போது போவது, போனில் என்ன பேசுவது

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அந்த ஆண்டின் சிஎஸ்ஆர் செயல்திட்டத்தை இயக்குநர் குழு ஒப்புக்கொள்ள வேண்டும், பல கம்பெனிகளில் அது ஆண்டின் முதல் சில மாதங்களில் முடிந்துவிடும். ஆகவே டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் அறிமுகமாகிவிடுங்கள். ஆகஸ்டில் போய் நின்றால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள், அது பெரும்பாலும் உண்மையான பதில்தான்.

ஜனவரி கடைசியிலிருந்து வேறொரு வாய்ப்பு வரும். எங்கோ ஒரு திட்டம் நின்றுபோய்ப் பணம் மிச்சமிருக்கும். அதற்கென்று ஒருமுறை வாங்கி முடிக்கிற பொருட்களின் பட்டியல் ஒன்றைத் தயாராக வையுங்கள்: பெஞ்சு, குடிநீர்ச் சுத்திகரிப்பான், தையல் மெஷின், ஒவ்வொன்றுக்கும் மூன்று கொட்டேஷன். ஆனால் மார்ச் 28 அன்று பணம் போட்டு 31-க்குள் செலவுக் கணக்கு கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் கணக்குக்கு அனுப்பியதும் கம்பெனியின் செலவு முடிந்துவிடாது, நாம் உண்மையில் செலவழித்தால்தான் அது கணக்கில் வரும். செய்யாத செலவுக்குச் சான்று எழுதிக் கொடுத்தால் மாட்டுவது நாம்தான்.

எழுதுவதற்கு முன் பேசுங்கள். நான் பேசுவது இப்படித்தான் இருக்கும்:

"வணக்கம் சார், உங்க ஆலையிலிருந்து ஆறு கிலோமீட்டர்ல மாலைப் படிப்பு மையம் நடத்துறோம், 42 பிள்ளைங்க. உங்க இணையதளத்துல கல்விக்குச் செலவு பண்ணதைப் பார்த்தேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"சொல்லுங்க."

"மூணே கேள்வி சார். இந்த வருஷமும் கல்விக்கு இருக்கா? இரண்டரை லட்சம் அளவு திட்டங்களை எடுப்பீங்களா? உங்களுக்குன்னு படிவம் இருக்கா, இல்ல நாங்களே எழுதலாமா?"

இவ்வளவுதான். பணம் என்ற பேச்சை அவர் எடுக்கும்வரை நீட்ட வேண்டாம். ஒரு பக்கக் குறிப்பை அன்றே அனுப்புங்கள். ஆலையில் இருக்கும் மனிதவள மேலாளரைக் குறைத்து மதிக்காதீர்கள். தலைமையகத்துக்கு அவர் எழுதும் நாலு வரி நம் பத்துப் பக்கத்தைவிடப் பேசும்.

7. இப்போது ப்ரொபோசல்

நாலைந்து பக்கம் போதும். ஊரில் என்ன பிரச்சினை, நாங்கள் என்ன செய்வோம், யார் செய்வார், எந்த மாதம் என்ன நடக்கும், நடந்தது என்று எப்படித் தெரியும், எவ்வளவு ஆகும், அதற்குப் பின் எப்படித் தொடரும். கம்பெனி தந்த படிவம் இருந்தால் அதன் வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் பத்தியில்தான் எல்லாம் கெடுகிறது. ஒரு புதிய அமைப்பு என்னிடம் காட்டிய தொடக்கம் இது: "கல்வி என்பது சமுதாயத்தின் கண். இன்றைய மாணவர்கள் நாளைய தூண்கள்." இதைப் படிப்பவர் அன்று காலையில் மட்டும் இப்படி எத்தனை படித்திருப்பாரோ. நாங்கள் உட்கார்ந்து அதை இப்படி மாற்றினோம்: "எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8-ஆம் வகுப்புகளில் 61 பிள்ளைகள். ஜூன் மாதம் நாங்கள் உட்கார வைத்துப் பார்த்ததில் 23 பேருக்குத் தமிழ்ப் பாடப் பத்தி ஒன்றைத் தடங்கலில்லாமல் படிக்க வரவில்லை. பெற்றோர் பெரும்பாலும் செங்கல் சூளையில், வீடு திரும்ப ஏழு மணி ஆகிறது." இரண்டாவதைப் படிப்பவர் கண்ணுக்கு ஊர் தெரிகிறது. எண்ணை நீங்களே எடுத்தது என்பதும் தெரிகிறது. மாநிலப் புள்ளிவிவரம் எதையும் சேர்க்கத் தேவையில்லை.

விளைவை எழுதும்போது அளக்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள். "அந்த 23 பேரில் 18 பேராவது மார்ச்சில் பத்தி படிப்பார்கள்" என்பது நல்ல வாக்குறுதி. "வாழ்க்கைத்தரம் உயரும்" என்றால் யார் அளப்பது?

பிள்ளைகளின் படம் போடுவதானால் பெற்றோர் சம்மதத்தைக் கையெழுத்தாக வாங்குங்கள். ஏழ்மையைக் காட்டுவதற்காக அழுக்குச் சட்டையில் நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து அதைப் பார்க்கும்.

8. பட்ஜெட்

ப்ரொபோசலை மேலோட்டமாகப் படிப்பவர்கூட பட்ஜெட்டை வரிவரியாகப் படிப்பார். ஒவ்வொரு வரியும் விலை, எண்ணிக்கை, மாதம் என்று பெருக்கலாக இருக்கட்டும். "இதரச் செலவு 50,000" என்ற ஒரு வரி மற்ற எல்லா வரிகளின் மேலும் சந்தேகத்தைக் கிளப்பும்.

நம் மையத்தையே போடுவோம். ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதம், 25,664 வீதம் 2,56,640. ஏப்ரல், மே மாதம் வகுப்பு இல்லை, ஆனால் வாடகை உண்டு, அது 7,000. இதை மறக்காத அமைப்பைப் பார்ப்பது அபூர்வம். பொறுப்பாளரின் பஸ், பெட்ரோல் மாதம் 500 வீதம் 5,000. ஆடிட் கட்டணம் 10,000. மொத்தம் 2,78,640. இதில் 28,640 ரூபாயை ஊரில் திரட்டுகிறோம், 2,50,000 உங்களிடம் கேட்கிறோம் என்று எழுதுங்கள். நம் பங்கு இருக்கிறது என்றால் பேச்சே மாறிவிடும்.

நிர்வாகச் செலவைச் சுத்தமாக எடுத்துவிட்டால் நல்ல பெயர் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பிறகு ஆடிட்டருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் அறங்காவலர் நகையை அடகு வைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆகிற செலவை எழுதுங்கள், ஏன் ஆகிறது என்று ஒரு வரியும் சேருங்கள். ஆசிரியர் சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவதும் அப்படித்தான். நாலாவது மாதம் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், திட்டம் அங்கேயே நின்றுவிடும்.

9. சரிபார்க்க வருவார்கள்

பிடித்திருந்தால் ஆவணம் கேட்பார்கள், பிறகு நேரில் வருவார்கள். டீட், பான், 12ஏபி, 80ஜி, சிஎஸ்ஆர்-1 எண், மூன்று ஆண்டு ஆடிட் அறிக்கை, ஐடிஆர்-7 (ட்ரஸ்டுகளுக்கான வருமான வரிப் படிவம்) தாக்கல், ரத்து செய்த காசோலை, அறங்காவலர் பட்டியல், இவையெல்லாம் ஒரே கோப்புறையில் ஸ்கேன் செய்து பெயரிட்டு இருக்கட்டும். கேட்ட அன்றே அனுப்பினால் அதுவே ஒரு நல்ல சான்று.

வருகிற நாளில் மேடை, பொன்னாடை வேண்டாம். எப்போதும் நடக்கிற வகுப்பு நடக்கட்டும். மினிட்ஸ் புத்தகம், ரொக்கக் கணக்கேடு, வருகைப் பதிவேடு மூன்றும் மேசையில் இருக்கட்டும், எழுதி முடித்ததாக. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிறார்கள் என்றால் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு இருக்கிறதா என்று கேட்பார்கள். பிள்ளைகளோடு வேலை என்றால் பாதுகாப்புக் கொள்கை கேட்பார்கள். இந்த இரண்டையும் அவர்கள் கேட்பதற்காக எழுதாதீர்கள், பிள்ளைகளுக்காக எழுதுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் இடைத்தரகர் முளைப்பார். "பத்து பர்சென்ட் கொடுத்தா ரிலீஸ் பண்ணித் தர்றேன்" என்றோ, "பத்து லட்சம் கணக்குல போடுறோம், ஆறு லட்சத்தை ரொக்கமா திருப்பிக் கொடுங்க" என்றோ சொல்வார்கள். இரண்டாவது நேரடியான மோசடி, கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். நியாயமாகப் பணம் தருகிற யாரும் முன்பணம் கேட்க மாட்டார்கள். போனை வைத்துவிட்டு மற்ற அறங்காவலர்களிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

10. பணம் வந்த பிறகு

ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். எத்தனை தவணை, எந்த அறிக்கைக்குப் பிறகு அடுத்த தவணை, மிச்சமானால் திருப்பித் தர வேண்டுமா, வட்டி யாருக்கு, இவற்றைப் பாருங்கள். அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்.

அந்தத் திட்டத்துக்குத் தனி லெட்ஜர். ஒவ்வொரு வவுச்சரிலும் திட்டத்தின் பெயர் எழுதுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது அறப்பணிச் செலவாக ஏற்கப்படாது, அதனால் எல்லாமே வங்கி வழியாகப் போகட்டும். சுண்டலுக்கு வாங்குகிற பயறுக்கும் பில் வாங்குங்கள். சந்தையில் பில் தராத பாட்டியிடம் வாங்கினால் நாமே வவுச்சர் எழுதி அவர் கையெழுத்தோ ரேகையோ வாங்கி, தேதியும் எடையும் குறித்து வையுங்கள்.

செலவுத் தலைப்பை மாற்ற வேண்டி வந்தால், மாற்றுவதற்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள். முன்பே கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். முடிந்தபின் சொன்னால் அது விதிமீறல்.

யூசி எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழை ஆடிட்டர் கையெழுத்தோடு, கேட்ட தேதிக்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். மத்திய அரசு நிதி என்றால் அதற்கென்று ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவம் உண்டு. அறிக்கையில் நடக்காததையும் எழுதுங்கள். 18 பேர் படிப்பார்கள் என்று சொல்லியிருந்தோம், 14 பேர்தான் படித்தார்கள், நாலு குடும்பம் பொங்கலுக்குப் பிறகு வேறு சூளைக்குப் போய்விட்டது என்று எழுதிய அறிக்கைக்குத்தான் ஏழாம் படியில் சொன்ன அந்தப் புதிய அமைப்புக்கு இரண்டாம் ஆண்டுப் பணம் வந்தது. அந்த நாலு பிள்ளைகள் போன ஊரில் ஒரு மையம் தொடங்கலாமா என்று பணம் கொடுத்தவர்களே கேட்டார்கள்.

11. இல்லை என்று சொன்னால்

ஒரு வாரம் கழித்து நன்றி சொல்லி, எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று மட்டும் கேளுங்கள். தொகையா, இடமா, காகிதமா? பதில் வந்தால் உங்கள் நாலு கட்ட அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு எழுதி வையுங்கள். பதில் வராவிட்டாலும் ஆண்டு முடிவில் உங்கள் ஆண்டறிக்கையை அவருக்கு அனுப்புங்கள், எதுவும் கேட்காமல். டிசம்பர் வந்ததும் அதே எண்ணுக்கு மறுபடி போன் செய்யுங்கள்.